மைத்துனரின் குரலோடு உறவை முறித்துக்கொண்டது

கார்கிவ்
நவம்பர், மின்சாரம் இல்லாத ஒரு பகல்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஆர்காதி அவர்களுக்கும், இந்தக் கடிதத்தை வழியில் பிரித்துப் படிக்கப்போகும் இரு நாட்டு அதிகாரிகளுக்கும், உங்கள் தங்கை ராயாவின் கணவன் ஸகார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நலமா என்று கேட்கும் நிலையில் நம் உறவு இல்லை. ஆனாலும் கடிதம் என்று எழுதினால் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதால் கேட்டு வைக்கிறேன். பதில் வேண்டாம். உங்கள் முழங்கால் வலி, ஆடுகள், கூரை ஒழுகல் எல்லாவற்றையும் தனித்தனியாக விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். உங்கள் கிராமம் எங்களுக்கு எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். காற்று சரியாக அடித்தால் நீங்கள் வறுக்கும் வெங்காயம் இங்கே மணக்கும். இந்தக் கடிதமோ மூன்றாவது ஒரு நாட்டில், திபிலிசியில் இருக்கும் நம் உறவுக்காரப் பெண் நெல்லியிடம் போய், அவள் அதை வேறோர் உறைக்குள் போட்டு, அரை உலகத்தைச் சுற்றிக்கொண்டு உங்களிடம் வரவேண்டியிருக்கிறது.

எழுதுவதன் நோக்கம் ஒன்றே. போன வாரம் உங்கள் குரலில் எங்களுக்கு ஒரு போன் வந்தது. அது நீங்கள் அல்ல. அது நீங்கள் அல்ல என்பதை உங்களுக்கே எழுத்து மூலம் தெரிவித்து, இனிமேல் உங்கள் குரலோடு எங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அறுத்துவிடுவதற்காகவே பேனாவை எடுத்தேன்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். சண்டை என்றால் நம் அப்பாக்கள் பார்த்த சண்டை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன் மச்சான்: இந்தப் பக்கம் ஒரு பீரங்கி, அந்தப் பக்கம் ஒரு பீரங்கி, நடுவில் பதுங்குகுழி, மாலையானால் ஒரு பாட்டு. இது அப்படியில்லை. இது வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானுக்குள்ளும் தனித்தனியாகப் புகுந்து உட்காருகிறது. முதலில் விளக்கில் புகுந்தது. உங்கள் ஆட்கள் துணை மின்நிலையத்தை அடித்தார்கள், விளக்கு போயிற்று. விளக்கு போனதால் பம்பு நின்றது. பம்பு நின்றதால் ஏழாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. லிப்டும் நின்றது, அதற்குள் கீழ்வீட்டு ஸினயீதா ஊறுகாய் ஜாடியோடு மாட்டிக்கொண்டு, மீட்கப்படும்போது வெறும் ஜாடியோடு வெளியே வந்தாள். பிறகு போனுக்குள் புகுந்தது. வானத்தில் வரும் ட்ரோன்களை வழிதவற வைக்க இரு பக்கமும் அலைகளைக் கலக்கிவிட, என் போன் நான் பெரு நாட்டின் லிமா நகரத்தில் இருப்பதாக நம்பத் தொடங்கிவிட்டது. அங்கே நல்ல இளவெயில், வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள் என்கிறது. நான் மூன்று கம்பளிச் சட்டையோடு கட்டிலில் கிடந்து அதைப் படிக்கிறேன். ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் காய்கறித் தோட்டத்தையும் விடவில்லை. அலைக் கலக்கலுக்குத் தப்ப, பட்டம்போல் மெல்லிய கண்ணாடி இழை கட்டிப் பறக்கும் ட்ரோன்கள் விட்டுப்போன நூல் ஊர்ப்புறம் முழுக்கச் சிலந்தி வலைபோல் கிடக்கிறது. ராயா ஒரு பீட்ரூட்டைப் பிடுங்கினால் பத்து முழம் நூலும் கூடவே வருகிறது.

எல்லாவற்றையும்விடக் கெட்டுப்போனது பேச்சு. ஒருநாள் நகர நிர்வாகத்தின் பெயரில் எல்லார் போனுக்கும் செய்தி வந்தது: ஊரைவிட்டு உடனே வெளியேறுங்கள். எங்கள் கட்டிடமே வீட்டுச் செருப்போடு ரயில் நிலையத்துக்கு ஓடியது. ஸினயீதா கூண்டுக்கிளியோடு ஓடினாள். கடைசியில் பார்த்தால் அது உங்கள் பக்கத்துக் கணினிக்காரர்கள் அனுப்பிய புரளி. பனியில் திரும்பி நடந்து வந்தோம். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாரும் எதையும் நம்புவதில்லை. அபாயச் சங்கு ஊதினால் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதைக்கூட நிறுத்துவதில்லை. இது ஏன் முக்கியம் என்பது கீழே தெரியும்.

அன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர் லாரி வந்திருந்தது. ஓட்டுநர் பன்தெலேய் என்பவன், அந்த லாரியைப் பெற்ற பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருப்பவன். வரிசை பள்ளியின் மூலைவரை வளைந்து நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ராயாவும் நானும் கேன்களோடு ஏறக்குறைய குழாய்க்கு அருகே வந்துவிட்டோம். அப்போதுதான் அவள் போன் அடித்தது. தெரியாத எண். அவள் எடுத்தாள், ஒலிபெருக்கியில் போட்டாள், ஏனென்றால் குல்லாய்க்குமேல் அவளுக்குக் காது கேட்காது.

"ராயா கண்ணு, எங்கம்மா இருக்கே?"

மச்சான், அவள் முகத்தை நான் பார்த்தேன். சண்டையின் முதல் வாரத்தில், எங்கள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் தரையில் கிடக்க அவள் உங்களைக் கூப்பிட்டபோது, "உங்காளுங்களே உங்க மேல குண்டு போட்டுக்கறாங்களாம், டிவில சொன்னான்" என்றீர்களே, அன்று அவள் போனைக் கொதிக்கும் போர்ஷ் சூப்புக்குள் போட்டாள். அதற்குப்பின் இதுவரை நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"யாரு?" என்றாள்.

"நான்தான். உன் அண்ணன் ஆர்காஷா. எங்க இருக்கே, சொல்லு."

"தண்ணி லாரி கிட்ட. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. உனக்கென்ன இப்ப?"

"அங்க நிக்காதே. கூட்டத்துல எங்கயும் நிக்காதே. நிலவறைக்குப் போயிடு. இப்பவே போ, கண்ணு. கேள்வி கேக்காதே."

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மொபெட் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வானத்தில் ஓடுவது போன்ற சத்தம். ட்ரோன்கள் எங்கள் தலைக்கு மேல் வரும்போது கேட்கிற அதே சத்தம்தான். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் வானம் அமைதியாக இருந்தது. அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. சத்தத்தையும் இப்போதெல்லாம் கணினியில் செய்துவிடுகிறார்களாம், ஆகையால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதிகாரிகளும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"இது புரளி, ராயா. உன்னை வரிசையிலேருந்து கிளப்பப் பாக்கறானுங்க" என்றேன்.

"ஆமா, புரளிதான். ஆர்காஷா என்னைக்கு என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டிருக்கான்?" என்றாள். சொல்லிக்கொண்டே கேன்களைக் கீழே வைத்துவிட்டு லாரிப் படியில் ஏறிவிட்டாள். பள்ளிச் சமையற்கூடத்தில் காலமெல்லாம் பிள்ளைகளை அதட்டிய தொண்டை அது, உங்களுக்குத் தெரியாததல்ல.

"எல்லாரும் கலைஞ்சு போங்க! வருது! நிலவறைக்குப் போங்க!"

ஒருவரும் அசையவில்லை. யாரோ பின்னாலிருந்து, "வரிசையில நிக்காம தண்ணி பிடிக்க இது புது வழியா பாட்டிம்மா?" என்றார்கள். சிரிப்பு. ஒருத்தி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். ராயா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் தாழ்ந்து கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் அவள் லாரியின் மேல்மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஓங்கிக் கத்தினாள்:

"ஐயோ, எலி! தண்ணிக்குள்ள எலி செத்து ஊறிக் கிடக்கு!"

ட்ரோனுக்கு அசையாத ஜனம் எலிக்கு அசைந்தது மச்சான். பிடித்த தண்ணீரையெல்லாம் அங்கேயே கவிழ்த்தார்கள். ஒருவன் குடித்ததைத் துப்ப முயன்றான். நகராட்சியை, லாரியை, பன்தெலேயின் தாயாரை, எல்லாரையும் திட்டிக்கொண்டே கலைந்தார்கள்.

பன்தெலேய் கீழே குதித்து வந்தான். "என் வண்டித் தண்ணியில எலியா? வாயைக் கழுவும்மா!"

"எதுல கழுவச் சொல்றே? இந்தத் தண்ணியிலயா?"

"எங்க இருக்கு எலி? காட்டு!"

"வாலைப் பாத்தேன்யா! போய் உங்க ஆபீசுல காட்டு, போ!"

அவன் மூடியை அறைந்து சாத்தி, "சுத்தமான தண்ணின்னு சான்றிதழோட வரேன், அதை உன்னைத் தின்ன வைக்கறேன்!" என்று சபதம் போட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். ஸினயீதா மட்டும் நகரவில்லை. "நான் கொதிக்க வெச்சுக்குவேன், எனக்கென்ன" என்று காலி இடத்துக்கு முன்னால் வாளியோடு நின்றாள். ராயா அவள் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்தாள், நான் வாளியைப் பிடித்து இழுத்தேன், மூவரும் பள்ளிக்கூட நிலவறைக்குள் ஏறக்குறைய உருண்டோம். ஸினயீதா திட்டி முடிப்பதற்குள் மொபெட் சத்தம் கேட்டது. இந்தத் தடவை எங்கள் வானத்தில். பிறகு தரை எழும்பி வந்து எங்களை அடித்தது.

வெளியே வந்து பார்த்தோம். வரிசை நின்ற இடத்தில் ஒரு குழி புகைந்துகொண்டிருந்தது. பள்ளியின் பின்சுவர் இல்லை. அவசரத்தில் விட்டுப்போன கேன்கள் தகடுபோல் தட்டையாகிக் கிடந்தன. ஆள் யாரும் இல்லை. ஒருவர்கூட இல்லை. மச்சான், நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நின்றபோது எனக்கு ஒன்றும் வரவில்லை. ராயா குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "குழந்தையோட நின்னாளே அவ எந்தப் பக்கம் போனா, எந்தப் பக்கம் போனா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தெரியும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பன்தெலேய் ஏழு மாடியும் ஏறி வந்தான். தண்ணீர் சுத்தம் என்று முத்திரை குத்திய சான்றிதழை மேசைமேல் அறைந்தான். "எலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! படிச்சுப் பாரு!" என்றான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ராயா அவனுக்குச் சூப்பு ஊற்றினாள். அது ஆறும்வரை அவன் கையை எடுக்கவில்லை.

அவனுக்குப் பின்னால் பாதுகாப்புத் துறையிலிருந்து லெப்டினன்ட் யாரினா வந்தாள். எங்கள் மகள் வயதிருக்கும், கண்ணில் பல நாள் தூக்கம் பாக்கி.

"முன்னாடியே எப்படித் தெரிஞ்சுதும்மா?" என்று கேட்டாள். ராயா பொய் சொல்லவில்லை. குரலைப் பற்றிச் சொன்னாள்.

யாரினா குறிப்பேட்டை மேசைமேல் வைத்தாள். "ஒரு நிமிஷப் பேச்சு கெடைச்சாப் போதும், இப்பல்லாம் யார் குரலை வேணும்னாலும் செஞ்சுடறாங்க. கூட்டத்தைக் கலைச்சு பீதி கிளப்பறதுக்கு" என்றாள். பிறகு, "உங்க அண்ணனே கூப்பிட்டிருந்தா, அந்தப் பக்கத்துல அவருக்கு என்ன தண்டனை தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"அப்ப அது போலிக் குரல்தானே?"

ராயா அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள். "போலிதாம்மா."

"நானும் அப்படித்தான் எழுதிக்கறேன்" என்றாள் அவள். தேநீரைக் குடித்துவிட்டுப் போனாள்.

ஆகவே மச்சான், அது நீங்கள் அல்ல. என்னிடம் காரணங்களும் உண்டு. அந்தக் குரல் அன்பாகப் பேசியது. நீங்கள் ராயாவை அன்பாக விசாரித்ததை நான் என் மணவாழ்வில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. டிவி சொல்வதைத் தாண்டி நீங்கள் எதையும் யோசித்ததும் இல்லை. இதற்கெல்லாம் மேலாக, நீங்கள் பயந்தாங்கொள்ளி. என் கல்யாணத்தன்று வாத்து துரத்தியதற்கு மரத்தில் ஏறி, கேக் வெட்டும்வரை இறங்காதவர். அப்படிப்பட்ட மனிதர், காவல் நிலையம் இருக்கிற கிராமத்தில், எங்கள் பக்கம் பறந்து வரும் ட்ரோன்களுக்குக் கீழே வெட்டவெளியில் நின்று, பகை நாட்டுக்குப் போன் போட்டு இதைச் சொல்வாரா? மாட்டார். இதை வழியில் படிக்கும் அதிகாரிகளும் இரண்டாம் முறை படித்து உறுதி செய்துகொள்ளலாம்.

இத்துடன் உங்கள் குரலோடு எங்கள் உறவு முடிந்தது. இனி அது கூப்பிட்டால் எடுக்கமாட்டோம். உங்கள் கூரை உங்கள் தலைமேலும் எங்கள் கூரை எங்கள் தலைமேலும் நிற்கட்டும். உங்கள் ஆடுகளுக்கும், கோபத்துக்கு நடுவிலும், நல்வாழ்த்து.

உறவு அறுந்த மைத்துனன்,
ஸகார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை ராயாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்றாள். அடுப்படிக்குப் போய் வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, இதை மட்டும் சேர்க்கச் சொன்னாள். அந்தப் போலிக்குரல்காரனை நீங்கள் எங்காவது பார்க்க நேர்ந்தால் சொல்லவேண்டுமாம்: வரிசையில் நின்ற எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள், குழந்தைக்கு முதல் பல் நேற்று முளைத்திருக்கிறது. இனி ஒருபோதும் கூப்பிட வேண்டாம், அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன்னால் தாங்கமுடியாதாம். சண்டை முடிந்த மறுநாள் அந்தக் குரல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டுமாம். தனியாக வந்தால் கதவு திறக்கமாட்டாளாம். ஆளையும் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.