மூன்று தேசம் சுற்றிய மனு

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை மோசஸ் அவர்களுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து மாமனார் சாலமோன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், இருக்கிறோம். வேப்பம்பட்டில் நீங்களும் மகள் ஏஞ்சலும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தப் போனைத்தான் இந்தக் கவருக்குள் வைத்து அனுப்புகிறேன். காரணத்தைக் கீழே படிக்கவும்.

சாம்சன் செத்து இன்றோடு நாற்பது நாள். எங்கள் இரும்புக் கம்பி மில்லில் கிரேன் சங்கிலி அறுந்து கம்பிக்கட்டு அவன்மேல் விழுந்தது உங்களுக்குத் தெரியும். சங்கிலியில் விரிசல் இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னவனே அவன்தான். அவனுக்கு எழுத வராது, ரிஜிஸ்டரில் அவனுக்காக எழுதியது நான். அவனைப் புதைத்த மறுநாள் அந்தப் பக்கத்தையே காணோம். அதற்குப் பதிலாக, குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் கேக்கில் ரம் ஊற்றியிருப்பார்களோ என்று மோந்து பார்த்துத் தின்கிறவன் மாப்பிள்ளை அவன். அவன் பெண்சாதி ஹெலன் சர்ச்சில் இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறது. என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. நல்லவேளையாக அந்த ரிஜிஸ்டர் பக்கத்தை நான் முன்பே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

பேர் தெரியாமல் சர்க்காருக்குப் புகார் அனுப்ப வழி கேட்டேன், நீங்கள் வெங்காயப் படம் போட்ட அந்தப் பிரவுசரை ஏற்றிக் கொடுத்தீர்கள். எழுதுவது மூன்று தேசத்துக் கம்ப்யூட்டர்கள் வழியாகச் சுற்றிப் போகும், எங்கிருந்து கிளம்பியது என்று ஒருவருக்கும் தெரியாது என்றீர்கள். உண்மைதான், எனக்கே தெரியவில்லை. முதல் நாள் புகார்ப் பக்கம் ஜெர்மன் பாஷையில் திறந்தது. இரண்டாம் நாள் தமிழில் திறந்து, நீ மனுஷன்தானா என்று கேட்டு, சைக்கிள் இருக்கிற கட்டத்தைத் தொடு, படிக்கட்டு இருக்கிற கட்டத்தைத் தொடு என்று அரைமணி நேரம் வேலை வாங்கியது. ஐம்பத்தேழு வயதில் நான் மனுஷன் என்று நிரூபிக்க முடியாமல் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மனுஷன் என்று ஒத்துக்கொண்டு, உடனே செல் நம்பர் கொடு, ஓ.டி.பி. வரும் என்றது. பேரை மறைக்க வந்தவனிடம் நம்பர் கேட்டால் என்ன செய்வது? வேறொரு ஆபீசின் பக்கத்தில் நம்பர் கேட்கவில்லை. ஆனால் படம் ஏறவே இல்லை. பாதி ஏறும், அப்புறம் மூன்று தேசத்தில் எந்த தேசத்திலோ அறுந்து போகும். கடைசியில் படம் இல்லாமல் எழுத்தை மட்டும் அனுப்பினேன்.

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு காரியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிறைய பேர் பயன்படுத்தினால்தான் அதற்குப் பலம், கூட்டத்தில் ஒருத்தன் முகம் தெரியாது என்று சொன்னீர்கள் இல்லையா, மில்லில் நான் ஒருத்தன் மட்டும் வெங்காயத்தோடு இருந்தால் மாட்டிக்கொள்வேனே என்று, பலப்படுத்துகிற நோக்கத்தில் கேண்டீனில் பதினோரு பேர் போனில் நானே அதை ஏற்றிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் ரகசியம் என்று சொல்லிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை மேனேஜர் ஆதிநாராயணன் கூப்பிட்டார். அவர் மேஜைமேல் என் புகார் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தது. அந்த ஆபீஸ்காரர்கள் விளக்கம் கேட்டு அப்படியே மில்லுக்கே அனுப்பிவிட்டார்கள்.

"இன்னா சாலமோன், நீ எழுதுனதா?"

"இல்ல சார். பேரே இல்லியே அதுல."

"பேரு இன்னாத்துக்குய்யா? பத்தொம்பது வருஷமா இந்த மில்லுல எவன் லீவு கேட்டாலும் 'மேலான சமூகத்துக்கு ஸ்தோத்திரத்துடன் வணங்கி'ன்னுதான் வருது. வெல்டிங் பாய் கூட ஸ்தோத்திரம் சொல்லித்தான் பக்ரீத்துக்கு லீவு கேட்டுக்கினு இருக்காரு. அத்தினி லெட்டரும் எழுதிக் குடுக்கறது யாரு? இதுலயும் மொத வரி அதான் கீது."

 மனு என்றால் அப்படித்தானே ஆரம்பிக்கும்? நான் வேறு மாதிரி எழுதியதே கிடையாது. அவர் கோபப்படக்கூட இல்லை. "ரிட்டயர் ஆவ எட்டு மாசம் கீது. ஏன் பேஜாரு? இத நான் எழுதல, சாம்சன் குடிச்சிருந்தத நான் பார்த்தேன்னு ரெண்டு வரி எழுதி திங்கக்கிழமை கொண்டா" என்றார். அத்தை இரண்டு நாளாக, "செத்தவன் வரப்போறது இல்ல, நம்ம ஊட்ட பாரு" என்று அழுகிறாள். நானும் அழுதேன் மாப்பிள்ளை, பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். ஆனால் அவர் கேட்ட இரண்டு வரியை எழுதிக் கொடுக்கப் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே இந்தப் போனிலிருந்து அந்த வெங்காயத்தையும், முக்கியமாக அந்தப் படத்தையும், மறுபடி எடுக்க முடியாதபடி அழித்துவிடுங்கள். படம் கையில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஏஞ்சல் வேளாவேளைக்குச் சாப்பிடட்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்
சாலமோன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஹெலன் வந்தது. அதற்கு இந்தப் புகார் சங்கதி எதுவும் தெரியாது. "அண்ணா, அவரு குடிக்கறவரு இல்லன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க. உங்கள மாதிரி யாருக்கு எழுத வருது" என்று நின்றது. மேலான சமூகத்துக்கு ஸ்தோத்திரத்துடன் வணங்கி என்றுதான் ஆரம்பித்தேன். முடித்ததும் அதன் கையெழுத்தை வாங்கி, கீழே பழக்கதோஷத்தில் சாட்சி என்று எழுதிக் கோடு போட்டுவிட்டேன். "அங்க யாரு பேருண்ணா?" என்று கேட்டது.  என் பேர், அப்பா பேர், டோக்கன் நம்பர் எல்லாம் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை. நாளைக்கு அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு மனுவோடு வைத்து, ஹெலனோடு நானே திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கொடுக்கிறேன். கவருக்குள் போன் இருக்காது, தேட வேண்டாம்.