அடுத்த நாடகம்: பவளவல்லி

நாடக சபைக் காரியதரிசி என்றோர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவர் போதும். இரண்டு பேர் இருந்தால் சபை இரண்டாகிவிடும். கல்யாணப் பந்தியில் உங்கள் இலையில் சாம்பார் விழும் நேரத்திலும் சரி, துக்க வீட்டில் பாடைக்கு மூங்கில் பிளக்கும்போதும் சரி, தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போய், "நம்ம அடுத்த நாடகம் என்ன, தெரியுமோ?" என்று ஒருவர் உங்களைக் கேட்டிருந்தால், அவர்தான் இவர். நீங்கள் தெரியாது என்று சொல்லியிருப்பீர்கள். தப்பு. தெரியும் என்று சொல்லியிருந்தாலும் தப்புதான், முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் சாம்பாருக்குத் திரும்பியிருப்பீர்கள்.

போன நாடகத்தைப் பற்றி இந்த இனம் வாயே திறக்காது. அப்படி ஒன்று நடந்திருந்தால்தானே! இதன் ஜீவிதமெல்லாம் அடுத்த நாடகத்தில். அதற்குள் நோட்டீஸ் உண்டு, பாத்திரப் பங்கீடு உண்டு, பாத்திரப் பங்கீட்டால் வந்த பகை உண்டு, பகையால் விலகிய அங்கத்தினர்களை விதிப்படி நீக்குவதற்கான கூட்டம் உண்டு. நாடகம் மட்டும் இராது.

மலாக்காவில், காஜா பெராங்கில், இந்த இனத்தின் திலகமாக விளங்கியவர் கலியாணசுந்தரம். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கவர்ன்மெண்டு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஜப்பான்காரன் வந்த பிறகும் அதே ஆபீஸ், அதே நாற்காலி. சுவரில் மாட்டியிருந்த ராஜா படம்தான் மாறியது. காஜா பெராங் கானவிநோத நாடக சபைக்கு ஸ்தாபகர் அவரே, காரியதரிசி அவரே, நாடக ஆசிரியரும் அவரே. தலைவர் என்று ஒருவர் இருந்தார், ஊரைவிட்டுப் போய்விட்டார். அவரை மாற்றலாம் என்றால் பொதுக்கூட்டம் கூட்டவேண்டும். பொதுக்கூட்டத்துக்குத் தலைவர்தான் தலைமை வகிக்கவேண்டும். ஆகவே அவரே தலைவராக நீடித்தார், எங்கேயோ.

சபையில் உருப்படியான அங்கத்தினர் தம்பிராஜா ஒருவர்தான். அவர் மலாக்காச் செட்டி. பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, வீட்டில் பேச்சு மலாய். ராஜபார்ட் வசனம் முழுவதையும் அர்த்தம் தெரியாமலே நெட்டுரு போட்டிருந்தார். அர்த்தம் தெரியாததால் கூச்சமே இல்லாமல் முழங்குவார். கலியாணசுந்தரத்துக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்; அர்த்தம் தெரிந்தவர்கள் அவர் வசனத்தைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

சபைக் கொட்டகை வாசலில் ஒரு பலகை. அதில் "அடுத்த நாடகம்: பவளவல்லி அல்லது பொறாமையின் பலன். அங்கத்தினர் சேர்க்கப்படுவர்" என்று எழுதியிருக்கும். மழையில் அழிந்தால் கலியாணசுந்தரமே சுண்ணாம்பு கரைத்துத் திரும்ப எழுதுவார். சேர யாரும் வந்ததில்லை. அவர் தெருவில் வருவதைப் பார்த்தால் ஆம்பிளைகள் சந்தில் நுழைவார்கள். "இந்த மனுசன் கூட்டிட்டுப் போறதுக்கு ஜப்பான்காரன் லோரியே தேவலாம்" என்று கேலி செய்தார்கள்.

பாவிகள், பேசத் தெரியாமல் பேசினார்கள். லோரி வந்துவிட்டது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்றது ஜப்பான். ரப்பர் தோட்டத்தில் பிடித்து லோரியில் ஏற்றினார்கள், பிறகு டவுனிலும் பிடித்தார்கள். போனவர்களிடமிருந்து கடுதாசி வரவில்லை. அந்த நாளில்தான் ஆள் எடுக்கும் ஜப்பானிய அதிகாரி கொட்டகைப் பக்கமாகப் போனார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அருகில் நின்ற கலியாணசுந்தரம் இடுப்பு ஒடியக் குனிந்து, "சண்டிவாரா, துவான்!" என்றார். சண்டிவாரா என்றால் மலாயில் நாடகம், துவான் என்றால் துரை. அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவருக்கு நாடகப் பைத்தியமாம். நடிகர்களைத் தொடவேண்டாம், நாடகம் முடியும்வரை இருக்கட்டும், முடிந்ததும் சயாம் போகலாம் என்று மொழிபெயர்ப்பாளன் மூலம் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கலியாணசுந்தரத்தின் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பாருங்கள்! புக்கிட் பாருவிலிருந்து, செமாபோக்கிலிருந்து, தெங்கேராவிலிருந்து. சந்தில் நுழைந்தவர்கள் அத்தனை பேரும் சந்திலிருந்து வந்திருந்தார்கள். ஆயுள் முழுக்க ஆள் கிடைக்காதா என்று அலைந்த மனிதர் என்ன செய்யவேண்டும்? வாங்கய்யா என்று வாரி அணைக்கவேண்டாமா?

அவர் விதிப்புத்தகத்தை எடுத்தார்.

அங்கத்தினராகச் சேர்பவருக்குக் குரல் சோதனை உண்டு. "தோழி, யாழை எடு" என்று சொல்லவேண்டும். தோழியும் யாழும் நாக்கில் சரியாக உருண்டால் சபையில் இடம். உருளாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மனைவி ருக்மணி உள்ளே மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள்.

"என்னாங்க, உசிருக்குப் பயந்து வந்திருக்குதுங்க. ழா வரலன்னா என்னா, ளா வந்தாப் போதாதா?"

"கலை வேற, கருணை வேற ருக்மணி. நீ கெழங்கப் பாரு."

தெங்கேராவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், மீன் பிடிக்கிறவர்கள். ஆளுக்கு மூன்று தடவை முயன்றார்கள். யாளை, யாளை, யாளை. "பயிற்சி பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவைத்தார். அந்த வாரம் தெங்கேராவுக்கு லோரி போனது. அண்ணன் தம்பி அடுத்த வாரம் வரவில்லை.

அந்தச் செய்தி கேட்ட அன்று அவர் கிழங்கைத் தொடவில்லை. அதற்குப் பிறகு குரல் சோதனை நடக்கவில்லை. விதிகள் மட்டும் மற்றபடி அப்படியே இருந்தன. இனத்தின் குணம் அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா?

அப்போதுதான் பூங்காவனம் வந்தாள். அவள் புருஷன் சுப்பையன் மாட்டுவண்டி ஓட்டுகிறவன். மாட்டை ஜப்பான்காரன் கொண்டுபோய்விட்டான். இனி மிச்சம் இருப்பது சுப்பையன்தான்.

"எடமில்லம்மா. பாத்திரமெல்லாம் நெரம்பிப்போச்சு" என்றார் கலியாணசுந்தரம்.

"மரமா நிக்க வைங்களேன் ஐயா. காட்டு சீன் வருதாமே."

"பவளவல்லியில மரத்துக்கு வசனம் கெடையாது."

"அவரு வீட்லயே பேசமாட்டாருங்க."

"அதுக்கில்லம்மா. விதியில எடமில்ல."

"விதியில எடமில்லன்னா, லோரியில எடம் இருக்குங்க ஐயா."

கலியாணசுந்தரம் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சுப்பையனைக் காவலன் ஆக்கினார். அரண்மனை வாசலில் மூங்கில் ஈட்டியோடு நிற்கவேண்டியது, "உத்தரவு மன்னா" என்று ஒரு தடவை சொல்லவேண்டியது. சுப்பையன் தலையாட்டினான்.

அணை உடைந்த மாதிரிதான். அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் காவலர்கள். அரண்மனை வாசல் கொள்ளாமல் போனதும் எதிரி நாட்டுக்கும் காவலர் வைத்தார். இரண்டு நாட்டுக் காவலரும் சும்மா நிற்கிறார்களே என்று ஒரு யுத்தம் எழுதினார். பவளவல்லி என்பது பொறாமையால் தங்கையைக் கிணற்றில் தள்ளும் அக்காவின் கதை. அதில் யுத்தத்தை நுழைத்தபோது அவர் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்! ருக்மணியிடம் சொல்லிக் கண் கலங்கினார். லோரியை நினைத்துக் கலங்கியதாக அவள் எண்ணிக்கொண்டாள். மூன்றாம் அங்கம் பாழாய்ப்போனதை நினைத்துக் கலங்கினார்.

ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. ஒத்திகைக்கு ஆள் வந்தார்கள்! சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், சொல்வதற்கு முன்பே வந்தார்கள். வயிற்றுவலி இல்லை, மாமியார் சாவு இல்லை. அந்தப் பாத்திரம் எனக்கு வேண்டும் என்று மூஞ்சியைத் தூக்குகிறவன் இல்லை. இப்படிப்பட்ட நடிகர்களை வைத்துக்கொண்டு என்ன ஆகும்? நாடகம் தயாராகிவிடும். ஆகிவிட்டது. சபையின் சரித்திரத்தில் அப்படி ஒரு விபத்து அதற்கு முன் நேர்ந்ததில்லை.

அதைக் கண்டுபிடித்ததும் நடிகர்களுக்குச் சயாம் ஞாபகம் வந்தது. தெரிந்த வசனத்தை மறக்க ஆரம்பித்தார்கள். இடது பக்கம் போகவேண்டியவன் வலது பக்கம் போனான். தம்பிராஜாகூட ஒரு நாள் வசனத்தைத் தலைகீழாகச் சொல்லிப் பார்த்தார். அர்த்தம் தெரியாததால் அதுவும் கம்பீரமாகவே இருந்தது. கலியாணசுந்தரத்துக்கும் காரணம் புரியாமல் இல்லை. புரிந்தது, வாயை மூடிக்கொண்டும் இருந்தார். அதிகாரி ஒத்திகை பார்க்க வரும்வரை.

வந்தார். முன்னால் உட்கார்ந்தார், யுத்தக் காட்சிக்குக் கைதட்டினார். "நாடகம் தயாரா?" என்று மொழிபெயர்ப்பாளன் மலாயில் கேட்டான்.

வாசகரே, அந்தக் கேள்வியை அந்த மனிதரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வி. மூளை தடுப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"தயார், துவான்! சனிக்கிழமையே போடலாம்!"

கொட்டகையில் ஈட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழுந்தன. அதிகாரி போன பிறகு பூங்காவனம் வந்து அவர் முன்னால் நின்றாள். சத்தம் போடவில்லை.

"நாக்கக் கடிச்சிருக்கக் கூடாதா, ஐயா?"

கலியாணசுந்தரத்துக்கு முதல்தடவையாக விதிப்புத்தகம் கைகொடுக்கவில்லை. தெங்கேரா அண்ணன் தம்பி முகம் வந்து வந்து போனது. அவர்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

சனிக்கிழமை வந்தது. இருட்டினால் விளக்கேற்றக்கூடாது என்பதால் மத்தியானமே நாடகம். அதிகாரி முதல் வரிசையில். வாசலில் தார்ப்பாய் மூடிய லோரி, பக்கத்திலேயே இன்னொரு லோரி. பெண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் மேடையைப் பார்த்ததைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம். நடிகர்கள் சிரமப்பட்டு மோசமாக நடித்தார்கள். பயத்தில் நடுங்கிய குரல் சோகமாகக் கேட்டது, சபையோர் அழுதார்கள். கிணற்றில் விழவேண்டிய பவளவல்லி விழமாட்டேன் என்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதறினாள், அதாவது கதறினான். அதிகாரி கைக்குட்டையை எடுத்துவிட்டார். சுப்பையன் "உத்தரவு மன்னா" சொன்னான். எவ்வளவு இழுத்தாலும் கதை முடியத்தானே செய்யும்?

முடிந்தது. மங்களம்தான் பாக்கி.

நம் நாடகத்தில் மங்களம் பாடினால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. அதைக் காரியதரிசியேதான் பாடவேண்டும் என்று கலியாணசுந்தரம் விதியே எழுதிவைத்திருந்தார். ஏன் என்கிறீர்களா? பாட்டின் கடைசி அடி, "கலியாணசுந்தரன் கனிந்துரைத்த மங்களம்" என்று முடியும். நாடகம், பலகை, சபை, அத்தனையும் அந்த ஓர் அடிக்காகத்தான் என்பது ருக்மணிக்குத் தெரியும். குளிக்கும்போதெல்லாம் அதைத்தான் பாடுவார்.

சரிகைத் தலைப்பாகையோடு மேடையேறினார். ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. கொட்டகை நிறைந்த ஜனம், முதல் வரிசையில் அதிகாரி. வாயைத் திறந்தார். ஓரத்தில் சுப்பையன் இன்னும் ஈட்டியோடு வாசல் காத்துக்கொண்டிருந்தான், உள்ளே போகும்படி யாரும் உத்தரவு கொடுக்கவில்லை போலும். வெளியே ஒரு லோரி உறுமியது.

ஆர்மோனியம் திரும்பவும் சுருதி கொடுத்தது. கலியாணசுந்தரம் வாயை மூடிக்கொண்டார்.

"முடிந்ததா?" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

அப்போது பேச ஆரம்பித்தார் பாருங்கள்! மங்களம் பாடப்படவில்லை, மங்களம் பாடாத நாடகம் முடிந்த நாடகமாகாது, இன்று நடந்தது முதற்பாகம், எத்தனை பாகம் என்பதை ஆசிரியரே தீர்மானிப்பார் என்பது விதி, விதியைத் திருத்தப் பொதுக்கூட்டம் வேண்டும், பொதுக்கூட்டத்துக்குத் தலைவர் வேண்டும், தலைவர் ஊரில் இல்லை. கல்யாணப் பந்திகளை நடுங்கவைத்த அந்த வாய், பிறந்த பயனை அடைந்தது. தம்பிராஜா இதையெல்லாம் கேட்டு, தமக்குப் புரிந்த மட்டும் மலாயில் சொன்னார்.

"பெலும் ஹாபிஸ், துவான்."

இன்னும் முடியவில்லை. அதை மொழிபெயர்ப்பாளன் ஜப்பான் பாஷையில் சொன்னான். அதிகாரி மேடையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். முடியும்வரை என்று ஊரறியச் சொன்னவர் அவர்தான். ஏதோ கேட்டார்.

"அடுத்த பாகத்திலும் சண்டை உண்டா என்று துவான் கேட்கிறார்."

"உண்டு!" என்று இரண்டு நாட்டுக் காவலரும் ஒரே குரலில் கத்தினார்கள். சுப்பையன் கத்தியதுதான் எல்லோருக்கும் மேலே கேட்டது. பூங்காவனம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். லோரிகள் காலியாகத் திரும்பின.

பிறகென்ன, கிணற்றில் செத்த பவளவல்லி இரண்டாம் பாகத்தில் உயிர்த்து வந்தாள், மூன்றாம் பாகத்தில் அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்த மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கும்போது ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான். கலியாணசுந்தரம் உடனே ஆள் அனுப்பினார்: வரும் ஞாயிறு மங்களம், அங்கத்தினர் அனைவரும் தவறாமல் வரவேண்டும். வந்தவர்கள் பூங்காவனமும் சுப்பையனும் மட்டும். மற்றவர்களுக்கு வயிற்றுவலி, மாமியார் சாவு. அவர்களை விதிப்படி நீக்குவதற்கு அன்றைக்கே தேதி குறித்துவிட்டார்.

லோரி வந்த சனிக்கிழமை ஏன் ஐயா பாடாமல் நிறுத்தினீர்கள் என்று பிற்பாடு பலபேர் கேட்டார்கள். "தொண்ட கட்டிக்கிச்சு" என்றார். சாகும்வரை அதே பதில்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சரி. உங்கள் சங்கத்து ஆண்டுவிழா அழைப்பிதழ் வந்தால், கண் முதலில் எந்தப் பெயரைத் தேடுகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். அந்தப் பெயர் விடுபட்டுப்போன வருஷம் யார் யாரோடு பேச்சை நிறுத்தினீர்கள் என்றும் எண்ணிப்பாருங்கள். இனத்தில் நீங்களும் சேர்த்திதான், வருத்தப்படாதீர்கள். ஒன்றே ஒன்று: ஊர் கூடி நிற்க, சுருதியும் கொடுத்தாகிவிட்ட பிறகு, யாரோ ஒரு வண்டிக்காரன் வீடு திரும்பவேண்டும் என்பதற்காக உங்கள் பெயரை நீங்கள் விழுங்குவீர்களா? விழுங்குவேன் என்று பட்டென்று சொல்லிவிட்டீர்கள். கலியாணசுந்தரம் விழுங்கிக் காட்டிய பிறகும் அப்படிச் சொன்னதில்லை.