நீலாம்பாள் அக்கா மாடியில் ஒரு பாதுகாக்கப்பட்ட சின்னம்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவில் ஒரு மொட்டை மாடியும், அதன் மேல் ஓர் ஆண்டெனாவும் உண்டு என்பதைப் பொதுமக்களுக்குப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். மாடி நீலாம்பாள் அக்காவுடையது. ஆண்டெனா அவள் வீட்டுக்காரர் சிவசண்முகம் அண்ணாச்சியுடையது. சொத்தை அவர்கள் அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி ஓய்வு பெற்ற வாத்தியார். தெருவில் முதன்முதலாக டிவி வாங்கியவர் என்ற ஒரே பெருமையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார். அக்கா அப்பளம் போடுகிறவள். ஆற்றுத் தண்ணீரில் உளுந்த மாவு பிசைந்து, அந்த மாடியில் காயவைத்து அவள் தரும் அப்பளம் எண்ணெயில் விழுந்தால் பூரிக்கிற பூரிப்பு இருக்கிறதே, அதை அண்ணாச்சி முகத்தில் டிவி பேச்சு எடுத்தால் மட்டும்தான் பார்க்கலாம்.

சிக்கல் என்னவென்றால், கேபிள் வந்து, டிஷ் வந்து, கடைசியில் எல்லாமே செல்போனுக்குள் போய் அடைந்த பிறகும் அந்த ஆண்டெனா மட்டும் ஓய்வு பெறாமல் நின்றது. துரு உதிர்ப்பது ஒன்றுதான் அதற்கு வேலை. லேசாகக் காற்றடித்தால் போதும், காயப்போட்ட அப்பளத்தின் மேல் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி விழும்.

ஆவணியில் ஏரல் பாத்திரக்கடை சங்கர் அண்ணாச்சி மகள் விஜயஸ்ரீக்குக் கல்யாணம். தேங்காய்ப்பால் சொதி ஊற்றிப் போடும் மறுவீட்டு விருந்துக்கு அப்பளம் அக்காவின் பொறுப்பு. அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அப்பளம் இந்த மாடியிலிருந்துதான் போகும். அக்காவின் மாமியார் காலத்திலிருந்தே அப்படி. இலையில் துரு விழுந்த அப்பளம் போனாலோ, அப்பளமே போகாவிட்டாலோ, அக்காவுக்கு அதற்கப்புறம் ஏரல் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஆடிச் சாரல் விட்டு வெயில் தலைகாட்டியதும் அக்கா எலக்ட்ரீசியன் பிச்சைக்கண்ணுவைக் கூப்பிட்டு, "லே, அந்தக் கம்பிய அறுத்துக் கீழ போடு" என்றாள். அவனும் ரம்பத்தோடு ஏறினான். அன்றைக்கென்று பார்த்து அண்ணாச்சியின் தம்பி கணேஷ்ராம் சென்னையிலிருந்து லீவில் வந்திருந்தான்.

"மதினி, ஒரு நிமிஷம். ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்" என்றான்.

எடுத்தான். 'இந்தத் துருவில்தான் என் பால்யம் ஒட்டிக்கொண்டிருக்கிறது' என்று எழுதி, முகநூலில் பழைய டிவி பிரியர்கள் கூடும் ஒரு குழுவில் போட்டான். காபி குடித்துவிட்டு வருவதற்குள் உலகம் அழத் தொடங்கிவிட்டது. துபாயிலிருந்து ஒருவர் அழுதார். புள்ளி புள்ளியாகத் தெரிந்த அந்தப் படம் இப்போதைய பெரிய டிவிகளில் ஏன் கிடைப்பதில்லை என்று ஒருவர் பொருமினார். அந்தக் காலத்தில் அண்ணாச்சி வீட்டு வாசலோடு துரத்தி விடப்பட்டவர்கள்தான் எல்லாரையும் விட அதிகமாக உருகியிருந்தார்கள்.

பிச்சைக்கண்ணு பாதி அறுத்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் 'தொலைக்காட்சி நினைவுப் பாதுகாப்பு அலுவலகம்' என்று ஒன்று திறந்திருந்தார்கள். போர்டு இருந்தது, ஜீப் இருந்தது, முத்திரை இருந்தது. பாதுகாக்கத்தான் ஒன்றும் இல்லாமல் இருந்தது. அதன் அலுவலர் மகேஷ், சின்ன வயசுக்காரர். அவர் பிறப்பதற்கு முன்பே ஊருக்குக் கேபிள் வந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்தை நினைத்து ஏங்குவதில் முறையான பயிற்சி பெற்று, முதல் வகுப்பில் தேறியவர்.

மாடிக்கு ஏறினார். ஆண்டெனாவைப் பார்த்துக் கண்ணை மூடி விதிமுறைப்படி சற்று நேரம் நெகிழ்ந்தார். பிறகு மஞ்சள் நாடாவை எடுத்து மாடியைச் சுற்றிக் கட்டினார்.

"இது இன்றுமுதல் பாதுகாக்கப்பட்ட சின்னம். மாடியில் யாதொரு மனித நடவடிக்கையும் கூடாது."

"அப்போ அப்பளம்?" என்றாள் அக்கா.

"அதுவும் மனித நடவடிக்கைதான் மேடம்."

"காக்கா உக்காந்திருக்கே."

"காக்கா அந்தக் காலத்திலும் உட்கார்ந்தது. அனுமதிக்கப்பட்டுள்ளது."

"அப்பளமும்தாம்யா அந்தக் காலத்துல காஞ்சுது. எங்க அத்தை இங்கனதான் போடுவா."

"ஆதாரம் இருக்கிறதா?"

"அப்பளத்தைத் தின்னுட்டாவளே. ஆதாரம் எங்கன இருக்கும்?"

மகேஷ் வருத்தத்தோடு தலையாட்டினார். ஆதாரத்தைத் தின்றுவிட்டு வருகிற குடிமக்களை அவர் நிறையப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

அண்ணாச்சிக்கோ தலைகால் புரியவில்லை. வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்து நின்றார். "ஆண்டெனா முதலில் எந்தத் திசையைப் பார்த்து நின்றது?" என்று மகேஷ் கேட்டார். அங்கேதான் வந்தது வினை.

"தென்கிழக்கு. இலங்கையப் பாத்து. கிரிக்கெட்டு, பாட்டு எல்லாம் அங்கன இருந்துதாம்யா வரும். கண்ணாடி மாதிரித் தெரியும்" என்றார் அண்ணாச்சி.

மகேஷ் முகம் வெளிறிவிட்டது. "சார், பைய பேசுங்க. அது அயல்நாட்டு ஏக்கம். அதற்கு டெல்லி அனுமதி வேண்டும். நீங்கள் சென்னையைத்தான் பார்த்தீர்கள்."

"சென்னை எங்கவே தெரிஞ்சுது? ஒரே புள்ளியால்லா இருந்துது."

"தெரியாவிட்டாலும் சென்னையைத்தான் பார்த்தீர்கள்."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். வாத்தியார் வேலை பார்த்தவர் அல்லவா, மேலதிகாரி சொன்னால் நினைவை மாற்றிக்கொள்வது பழகிப்போயிருந்தது. "ஆமா, சென்னையத்தான் பாத்தோம்" என்றார். பாதி அறுபட்ட கம்பியைப் பிச்சைக்கண்ணு வடக்கே திருப்பினான். அது முனகிக்கொண்டே திரும்பி, இன்னும் ஒரு கைப்பிடித் துருவை உதிர்த்தது. மகேஷ் அதை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மாடி இருக்கிறதே, அங்கே காயப்போட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். பக்கத்து வீடு என் வீடுதான். ஆனால் அண்ணாச்சி வீட்டு வாசலில் 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று நீலப் பலகை மாட்டி, பேப்பரில் படம் வந்த மறுநாளே எங்கள் தெரு முழுக்க ஆண்டெனாக் காய்ச்சல் கண்டுவிட்டது. காயலான் கடையில் கிடந்த பழைய ஆண்டெனாவெல்லாம் மாடி ஏறியது. டிவியே பார்க்காத வீடுகள்கூட நட்டன. ஊரோடு ஒத்துப்போக வேண்டாமா, நானும் ஒன்று வாங்கி நட்டேன். மகேஷ் வந்து ஒவ்வொரு மாடியிலும் நெகிழ்ந்து நாடா கட்டிவிட்டுப் போனார். கடைசியில் தெருவில் ஒரு அப்பளம் காயவைக்கக்கூட இடமில்லை. ஆற்று மணலில் போடலாமே என்று நான் யோசனை சொன்னேன். "சொதியோட மணலையும் சேத்துத் திங்கச் சொல்லுதியா தம்பி?" என்று அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

இதற்கிடையில் அண்ணாச்சி வீட்டில் 'மரபுவழித் தொலைக்காட்சி காணும் விழா' ஏற்பாடாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே வந்து, அந்தக் கால வழக்கப்படி தரையில் உட்கார வேண்டும். வீட்டுக்காரர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து முறைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அண்ணாச்சிக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. மாடியில் ஏறி நின்று "தெரியுதா?" என்று கேட்கப் பிச்சைக்கண்ணுவைத் தற்காலிக ஆண்டெனா திருப்புநராக நியமித்தார்கள். முற்றத்தில் நின்று அதை உள்ளே சொல்வதற்கு எதிர்வீட்டு இஸ்ரவேல். உள்ளே இருக்கிற நாங்கள் "தெரியல" என்று சொல்ல வேண்டும். தெரிந்தாலும் தெரியல என்றுதான் சொல்ல வேண்டும் என்று மகேஷ் கேட்டுக்கொண்டார்.

எல்லாம் சரி, எதைக் காட்டுவது? பழைய நிகழ்ச்சிகளை டிவி நிலையத்தில் தேடினால் ஒன்றும் இல்லை. வீடியோ நாடாத் தட்டுப்பாட்டில் நாடகத்தின் மேல் விவசாயத்தையும், விவசாயத்தின் மேல் செய்தியையும் பதிவு செய்து, செய்தியின் மேல் யாரோ வீட்டுக் கல்யாணத்தையும் பதிவு செய்துவிட்டிருந்தார்கள். ஒன்றே ஒன்று மட்டும் பத்திரமாக இருந்தது. அந்தக் காலத்தில் அதிக நேரம் ஒளிபரப்பானதும் அதுதான். படம் அறுந்துபோகும்போதெல்லாம் காட்டுவார்களே, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை.

போட்டார்கள். சாயங்காலம் முழுக்க அந்த அட்டைதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒருத்தரும் எழுந்து போகவில்லை. "இந்த எழுத்து இருக்கே, இப்ப எவன்வே இப்படி எழுதுதான்?" என்றார் ஒருவர். "அந்தக் காலத்துல ஒரு தடங்கல்னாகூட வருத்தப்பட்டாவ. இப்போ எவன் வருத்தப்படுதான்?" என்றார் இன்னொருவர். நானே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது எல்லாருக்கும் அந்த அட்டையைச் சின்னதாக அச்சடித்துக் கொடுத்தார்கள். மிச்சம் இருந்த கட்டு அக்கா வீட்டிலேயே கிடந்தது.

விழா முடிந்தும் மாடி திறக்கவில்லை. கல்யாணமோ நெருங்கிவிட்டது. அக்கா அழுது பிரயோஜனமில்லை என்று கண்டு, அவர்கள் வழியிலேயே போய்ப் பார்த்தாள். கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"ஏய்யா கணேஷு, நீ எழுதித்தானே மாடி போச்சு. இப்போ எனக்காவ ஒண்ணு எழுது. ஆண்டெனா நெழல்ல அப்பளம் காஞ்ச நாளெல்லாம் போச்சேன்னு எழுது."

அவன் எழுதினான். பழைய மாவு மணக்கிறது என்று கண்ணீர் விட்டு எழுதினான். உலகம் மறுபடி அழுதது. 'அப்பளம் இல்லாத ஆண்டெனா ஆண்டெனாவா?' என்று நாலு பக்கமிருந்தும் மனு பறந்தது. மறுவாரமே ஜீப் வந்தது. 'ஆண்டெனாவின் இணைச் சின்னமாக அப்பளமும் அங்கீகரிக்கப்படுகிறது' என்று மகேஷ் அறிவித்து, நாடாவை அவிழ்த்துவிட்டார்.

அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். மருமகளோடு சேர்ந்து இரவும் பகலும் போட்டாள். மாடி நிறையப் பாய் விரித்துக் காயவைத்தாள். வெயிலும் நல்ல வெயில். ஆண்டெனாவுக்குப் பழைய சேலை ஒன்றைச் சுற்றிவிட்டதால் துருவும் விழவில்லை. காய்ந்ததும் அடுக்கலாம் என்று அக்கா குனிந்தாள்.

"மேடம், தொடாதீர்கள்" என்று படியேறி வந்தார் மகேஷ்.

"காஞ்சிட்டுய்யா."

"தெரிகிறது. ஆனால் இணைச் சின்னத்தை இருக்கும் இடத்திலிருந்து அகற்ற விதியில் இடமில்லை."

"அப்போ என்ன செய்யணும்?"

"தொடர்ந்து காயட்டும்."

"காக்கா கொத்துதே."

"அது இயற்கைச் சேதம். அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது."

நாடாவை மறுபடி கட்டினார். அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவளைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா வே" என்றார் அவர்.

மறுவீட்டுச் சொதி அன்று ஏரலுக்கு நானும் கூடப் போனேன். அக்கா கையில் ஒரு பெரிய பை வைத்திருந்தாள். உள்ளே அந்த அட்டைக் கட்டு.

"இது எதுக்குக்கா?"

"அப்பளம் ஏன் இல்லேன்னு ஒவ்வொரு எலையா நின்னு வெளக்கம் சொல்ல என்னால முடியாது தம்பி. இதப் போட்டுட்டு வந்துருதேன். படிச்சுக்கிடட்டும். ஏசணும்னா ஏசட்டும்."

இலை போட்டார்கள். இஞ்சித் துவையல் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, சோறு வந்தது, சொதி வந்தது. அப்பளம் வைக்கும் இடத்தில் அக்கா ஒவ்வொரு அட்டையாக வைத்துக்கொண்டே போனாள். தடங்கலுக்கு வருந்துகிறோம், தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று பந்தி முழுக்க.

முதலில் ஒருவர் எடுத்துப் பார்த்தார். அடுத்தவர் பார்த்தார். பிறகு "அடடா" என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவ்வளவுதான். சொதி ஆறிக்கொண்டிருக்க, பந்தியே செல்போனை எடுத்து இலையைப் படம் பிடித்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கு ஒரு அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். சங்கர் அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எக்கா, இப்படி ஒரு விருந்து இந்த ஜில்லாவுலயே நடந்திருக்காது" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அக்கா சமையல் கட்டுப் பக்கம் வந்து, அடுப்படி ஓரம் நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒருத்தருகூட அப்பளம் எங்கன்னு கேக்கலியே தம்பி" என்றாள். "ஏசுவாவன்னு நெனச்சேன். ஏசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

நான் என் அட்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஓயாத ஆர்டர். அப்பளத்துக்கு அல்ல, அட்டைக்கு. இப்போது அவள் உளுந்து ஊறப்போடுவதில்லை. கெட்டி அட்டையை அப்பள அளவில் வெட்டி, மருமகளும் அவளுமாக எழுதி, மாடியில் காயப்போடுகிறார்கள். அட்டைக்கு அலுவலகத்தில் யாதொரு ஆட்சேபணையும் இல்லை. எடுக்கலாம், அடுக்கலாம், விற்கலாம். மகேஷே வந்து ஒரு கட்டு வாங்கிப் போனார். பழைய அப்பளமெல்லாம் மாடி மூலையில் பாதுகாப்பாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

ஆண்டெனாவில் சுற்றியிருந்த சேலையையும் அக்கா அவிழ்த்துவிட்டாள். துரு விழுந்த அட்டைதான் அசல் என்று கேட்டு வாங்குகிறார்களாம். தையில் என் மகள் சித்ரலேகாவுக்குக் கல்யாணம். நானும் சொல்லி வைத்திருக்கிறேன். நமக்குப் பக்கத்து வீடு அல்லவா, துரு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.