பல் டாக்டரின் சினிமா விமர்சனம்

கடைவாயில் பஞ்சை அடக்கியபடியே பஸ் டிரைவர் பல் டாக்டரின் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார். கழுத்தில் கட்டிய நீலத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஏதோ முனகிவிட்டு, விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

பல் டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பாதிப் பல்லைக் குடைந்த நிலையில் யாராவது எழுந்து போவார்களா? இந்த வாரத்தில் இது மூன்றாவது ஆள். போதாக்குறைக்கு அடுத்த தெருவில் புதிதாக ஒரு பல் மருத்துவமனை வேறு திறந்திருக்கிறார்கள்.

"நான் என்ன சொல்லிட்டேன் சிஸ்டர்? அந்தப் புதுப் படத்துல தம்பிதான் கொலைகாரன், எனக்கு இடைவேளைக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சுன்னேன். அவ்வளவுதானே?"

"அவர் சட்டைப் பையில சாயங்கால ஆட்டத்துக்கு நாலு டிக்கெட் இருந்துச்சு டாக்டர்" என்றார் நர்ஸ்.

பதினெட்டு வருடமாக, பார்த்த படங்களையெல்லாம் டாக்டர் இந்த நாற்காலியருகேதான் அலசிக் காயப்போட்டு வந்தார். வீட்டில் அந்தச் சுதந்திரம் கிடையாது. அவர் வாயைத் திறந்தாலே மனைவி டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். இங்கே அப்படியில்லை. பழைய படங்களில் எல்லாரும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிறார்கள் என்பார். புதுப் படங்களில் இருட்டில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்பார். ஒருவர்கூட மறுத்ததில்லை. ரசனையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மனிதர் மனதார நம்பிவிட்டார்.

"எப்படி மறுப்பாங்க? உங்க ரெண்டு கையும் அவங்க வாயிலதானே இருக்கு" என்றார் நர்ஸ், பஞ்சு டப்பாவை மூடிக்கொண்டே.

டாக்டருக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், இத்தனை வருடத்தில் ஒரே ஒரு ஆள்கூட அவரிடம் படத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டதில்லை. அவராகத்தான் சொல்லியிருக்கிறார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, இனி முடிவைச் சொல்வதில்லை என்று தீர்மானித்தார். மறுநாள் வந்த தையற்கார அம்மாவிடம், கதாநாயகி பாலத்தின் விளிம்பில் நிற்கிற இடம் வரை சொல்லிவிட்டு, மிச்சத்தைத் தியேட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிறுத்தினார். அந்த அம்மா தவித்துப்போய், அப்புறம் என்ன ஆயிற்று என்று கையை உயர்த்திக் கேட்டார். வலிக்கிறது போலும் என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். அம்மா இரண்டு கையையும் உயர்த்தினார். டாக்டர் மூன்றாவதும் போட்டார். அந்த அம்மாவின் வாயை டாக்டர் கோணலாக்கி அனுப்பிவிட்டார் என்று சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்கப் பேச்சாகிவிட்டது.

எல்லாருக்கும் முடிவு தெரிந்த பழைய படங்களை மட்டும் பேசினால் வம்பில்லை என்று அடுத்து முடிவுசெய்தார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்து வாயைத் திறந்தார். அந்தக் காலத்துச் சோகப் படம் ஒன்றில் கதாநாயகி சாகும்போது தனக்குக் கொட்டாவி வந்ததாக டாக்டர் சொன்னார். நீதிபதி நறுக்கென்று விரலைக் கடித்துவிட்டார்.

"நானும் என் மனைவியும் சேர்ந்து பார்த்த முதல் படம் அது" என்றார், வாயைக் கொப்பளித்துவிட்டு. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

கட்டுப்போட்ட விரலோடு டாக்டர் மௌனத்துக்குப் போனார். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாகப் போனது. அவர் பேச்சு நின்றதும், துளை போடும் மெஷினின் சத்தம் அறை முழுக்க நிறைந்தது. வந்தவர்கள் நாற்காலியின் கைப்பிடியை உடும்பாகப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். டாக்டரே பேச்சற்றுப் போகிற அளவுக்கு என்ன வியாதியோ என்று ஒருவர் கண்கலங்கி, வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். வெறும் சொத்தைதான் என்று டாக்டர் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

பத்தே நாளில் வாசல் பெஞ்சு காலியாகிவிட்டது. அடுத்த தெருவில் ஆள் எடுக்கிறார்களாம், போய்ப் பார்க்கட்டுமா என்று நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டர் காலி பெஞ்சைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார்.

அப்போதுதான் கன்னத்தைப் பிடித்தபடி பஸ் டிரைவர் படியேறி வந்தார். துவைத்து மடித்த நீலத் துணியை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். டாக்டர் பதறிப்போய், இனி இந்த அறையில் சினிமாப் பேச்சே கிடையாது என்று சத்தியம் செய்துகொண்டே ஊசியில் மருந்தை ஏற்றினார்.

டிரைவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தப் படத்தைப் பார்த்துட்டேன் டாக்டர். அருமையான படம். அதைப் பத்தி உங்க கருத்து என்ன? ஒண்ணு விடாம சொல்லுங்க."

டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு மனிதர், கேட்டே விட்டார். நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"நிஜமாவே கேக்கறீங்களா?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். அடுத்த தெரு டாக்டர் ஒரு வார்த்தை பேசாம குடைஞ்சாரு, வலியில உயிர் போயிடுச்சு. ஊசியை ஓரமா வைங்க. உங்க கருத்தைக் கேட்டு வர்ற ஆத்திரத்துலதான் எனக்கு வலியே தெரியறதில்ல."