சேர்ந்தாயிற்று என்றது மைனா

ஒப்பிலாபுரி என்றொரு நாடு இருந்தது. எங்கே இருந்தது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அந்நாட்டு வரைபடம் வரையும் வேலையை மூன்று துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். வரைபடம் இன்றுவரை வெளிவரவில்லை.

அந்த நாட்டில் சம்பாதித்த காசை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. திருடன் வந்துவிடுவானே என்று மகாராஜா மெத்தனவர்மருக்குக் கவலை. ஆகவே ஒவ்வொரு வியாபாரிக்கும் அரண்மனைக் கருவூலத்தில் ஒரு மண்கலயம். கலயத்தின் கழுத்தில் அவரவர் அடையாளம். காத்தாயியின் கலயத்தில் வட்டமாக ஓர் அப்பளம் வரைந்திருக்கும்.

காத்தாயி கீழவீதியில் அப்பளம் போடும் தொழில் நடத்தியவள். அவளிடம் பதினான்கு பெண்கள் வேலை செய்தார்கள். சனிக்கிழமை காலையில் காத்தாயி கருவூலத்துக்கு நடந்து போவாள். சேவகர் உடையப்பன் கலயத்தை இறக்கிக் காசை எண்ணிக் கொடுப்பார். மதியத்துக்குள் பதினான்கு முந்தானைகளிலும் கூலி முடிச்சு ஏறிவிடும். பதினோரு வருடமாக ஒரு புகார்கூட இல்லை. அரசாங்கத்தின் கண்ணை உறுத்தியது அதுதான்.

மகாமந்திரி இணைப்பானந்தர் அயல்நாடு போய்த் திரும்பிய மறுநாளே தேர்முட்டியில் கூட்டம் போட்டார்.

"குடிமக்களே! அயல்நாட்டில் எந்த வியாபாரியும் நடப்பதில்லை. இங்கே மட்டும் நடக்கிறீர்கள். பார்க்கிறவன் நம்மைப் பற்றி என்ன நினைப்பான்?"

"நடக்காம காசு எப்படிங்க வரும்?" என்று கேட்டாள் காத்தாயி.

"இணைப்பு, அம்மணி, இணைப்பு! உங்கள் கடையையும் கலயத்தையும் இணைத்துவிடுவோம். இனி நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். உங்கள் காசு இருந்த இடத்தில் இருக்காது."

கூட்டம் கை தட்டியது. காத்தாயியும் தட்டினாள். மந்திரி அன்றைக்குப் பேசியதில் கடைசி வாக்கியம் ஒன்றுதான் உண்மை என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

முதலில் வந்தது ஓலை இணைப்பு. யார் யாருக்கு எவ்வளவு கூலி என்று முப்பத்தேழு கட்டம் போட்ட ஓலையில் எழுதி, தெருமுனைச் சுவரில் இருக்கும் பொந்தில் போட வேண்டும். பொழுது சாய்ந்ததும் அரண்மனை ஆள் எடுத்துப் போவான். காத்தாயி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் ஓலை திரும்பி வந்தது. அதன் மேல் 'பிழை உண்டு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"என்ன பிழைங்க?" என்று பொந்துக் காவலரைக் கேட்டாள்.

"பிழை இருக்கிறது என்று சொல்வது எங்கள் துறை. என்ன பிழை என்று சொல்வது வேறு துறை."

"அந்தத் துறை எங்க இருக்கு?"

"இன்னும் தொடங்கவில்லை."

அந்த வாரம் கூலி ஐந்து நாள் தாமதமானது. காத்தாயி போய் முறையிட்டாள். அவளைப் போல நானூறு பேர் முறையிட்டார்கள். மகாமந்திரி மனம் இரங்கினார். ஒப்பிலாபுரியில் மந்திரி மனம் இரங்கினால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அடுத்தது கயிற்று இணைப்பு. ஒவ்வொரு கடையிலிருந்தும் கருவூலம் வரைக்கும் ஒரு கயிறு, அந்த முனையில் ஒரு மணி. எத்தனை முறை இழுக்கிறோமோ அத்தனை மணி அடிக்கும். அத்தனை காசைக் கூடையில் வைத்துக் கயிற்றிலேயே சறுக்கிவிடுவார்கள். கயிற்றுக்கான செலவைக் கலயத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மணிக்கு வாடகை தனி.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் ஒரு குரங்கு காத்தாயியின் கயிற்றைப் பிடித்து ஊஞ்சல் ஆடியது. இருநூற்றுப் பன்னிரண்டு முறை. கூடை வந்தது. குரங்கு கூடையோடு போய்விட்டது.

காத்தாயி தலையில் கை வைத்தபடி விசாரணை மண்டபத்தில் நின்றாள்.

"கயிறு உங்களுடையதுதானே?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. ஆனா இழுத்தது குரங்கு."

"உங்கள் கயிற்றைத் தொடக் குரங்குக்கு அனுமதி கொடுத்தது யார்?"

"அது என்னைக் கேட்டுட்டா தொடும்?"

"அப்படியானால் கயிற்றின் ரகசியத்தை நீங்கள் காப்பாற்றவில்லை. கயிற்று ரகசியத்தை யாரிடமும் பகிர வேண்டாம் என்று தண்டோரா போட்டோமே, கேட்கவில்லையா?"

"கயிறு தெருவுலதானய்யா தொங்குது! அதுல என்ன ரகசியம்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அரசு ரகசியம் எங்கே தொங்குகிறது என்று சபையில் உரக்கச் சொன்னதற்குத் தனி அபராதம் உண்டு. இந்த ஒருமுறை மன்னிக்கிறேன்."

அதற்குப் பிறகுதான் மைனா வந்தது.

நாட்டில் இருக்கும் ஒவ்வொரு கடைக்கும் அரண்மனையில் பழக்கிய ஒரு மைனா. பித்தளைக் கூண்டில், பட்டுத் துணி போர்த்தி, மேளதாளத்தோடு கொண்டுவந்து வைத்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று மைனாவிடம் சொன்னால் போதும். அது கருவூலத்துக்குப் பறந்து போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பிவரும். பின்னாலேயே காசும் வரும். வந்ததும் "சேர்ந்தாயிற்று!" என்று கூவும்.

காத்தாயிக்கே ஆச்சரியம். அந்தச் சனிக்கிழமை அரை மணி நேரத்தில் கூலி வந்துவிட்டது. "பரவாயில்லையே, நம்ம மந்திரிக்கும் மூளை வேலை செய்யுது" என்றாள் பவுனு. பதினான்கு பேரில் வாய் நீளமானவள் அவள்தான். கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் மாமியார், இரண்டு பேருக்கும் அவள் கூலிதான் சோறு.

அரை மணி நேரம் ஆகிறதே என்று மகாமந்திரிக்கு வருத்தம். அயல்நாட்டில் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடுகிறதாம். தாமதம் எதனால் என்று ஆராய ஒரு குழு போட்டார். மைனா பறப்பதால்தான் தாமதம் என்று குழு கண்டுபிடித்தது. எல்லா மைனாக்களின் சிறகையும் கத்தரித்துவிட்டார்கள்.

அந்த வாரம் காத்தாயி வழக்கம்போல, "பவுனுக்குப் பதினோரு காசு" என்றாள்.

வாயை மூடுவதற்குள், "சேர்ந்தாயிற்று!" என்றது மைனா.

பவுனு முந்தானையை அவிழ்த்துப் பார்த்தாள். உதறிப் பார்த்தாள். மடியைத் தடவினாள். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் காத்தாயியின் முகத்தைப் பார்த்தாள். பவுனு பேசாமல் நின்றதைக் காத்தாயி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கக்கா."

சொன்னாள். "சேர்ந்தாயிற்று!" பதினான்கு பேருக்கும் சொன்னாள். பதினான்கு முறையும் சேர்ந்தாயிற்று. ஒரு காசும் வரவில்லை.

புகார் எங்கே கொடுப்பது என்று விசாரித்தார்கள். மைனாவிடமே கொடுக்க வேண்டுமாம். கொடுத்தார்கள். "தீர்ந்தாயிற்று!" என்றது மைனா.

மறுநாள் தண்டோரா போட்டார்கள். 'மைனா சேர்ந்தது என்றால் சேர்ந்ததே. சேரவில்லை என்று சொல்பவருக்கும், அதற்குத் தலையாட்டுபவருக்கும் ஆறு மாதச் சிறை. கருவூலத்துக்கு நடந்து போவது மைனாவை அவமதிப்பதாகும். அதற்கு ஒரு வருடம்.'

மூன்று வாரம் போனது. மூன்றாவது சனிக்கிழமை பவுனு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க ஏமாத்துறீங்கன்னு நான் சொல்லல. ஆனா மைனா சொன்னதை உலையில போட்டா சோறு பொங்குமா? அதை மட்டும் சொல்லுங்க."

காத்தாயி எழுந்தாள். அப்பளக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, விற்கப் போகிறவளைப் போல, சந்து சந்தாக நடந்து கருவூலத்தின் பின்வாசலுக்குப் போனாள். பதினோரு வருடத்துப் பழக்கம். உடையப்பன் கதவைத் திறந்துவிட்டார். திறந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஓரமாக நின்றுகொண்டார்.

உள்ளே ஆயிரம் கலயங்கள் வரிசையாக இருந்தன. அப்பளம் வரைந்த கலயத்துக்கு ஓடினாள். கையை விட்டாள். காசு படவில்லை. வைக்கோல் பட்டது. வைக்கோலுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ அசைந்தது. வெளியே எடுத்துப் பார்த்தாள். இன்னும் கண்கூடத் திறக்காத ஒரு மைனாக் குஞ்சு.

அது வாயைப் பிளந்து, "சேர்ந்தாயிற்று" என்றது.

அடுத்த கலயம், அதற்கடுத்த கலயம், எல்லாவற்றிலும் குஞ்சுகள். இவள் வந்த அரவத்துக்கு ஆயிரம் கலயமும் ஒரே குரலில் கத்தின.

"இது என்ன கொடுமை உடையப்பண்ணே! என் காசு எங்க?"

"ஓலைக்குக் கொஞ்சம், கயித்துக்குக் கொஞ்சம், குழுவுக்குக் கொஞ்சம் போச்சும்மா. மிச்சத்துக்கு மைனா வாங்கிட்டாங்க, அதுக்குப் பித்தளைக் கூண்டு செஞ்சாங்க" என்றார் உடையப்பன். "உன் காசு எங்கயும் போகலை. உன் கடையிலதான் கூண்டுக்குள்ள உக்காந்து கூவிக்கிட்டிருக்கு."

காத்தாயி வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலையில் வரி வசூலிக்கும் அதிகாரி வந்தார். முந்நூறு காசு வரி. காத்தாயி அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். பிறகு கூண்டைப் பார்த்து, "அரண்மனைக்கு முந்நூறு" என்றாள்.

"சேர்ந்தாயிற்று!"

அதிகாரியின் தொண்டையில் மோர் நின்றுவிட்டது. "எனக்கு வரவில்லையே!"

"அய்யய்யோ, மெதுவாச் சொல்லுங்க சாமி. ஆறு மாசம் உள்ள வச்சிருவாங்க. நான் தலையாட்டவே இல்ல, பாத்துக்குங்க."

மாலைக்குள் கீழவீதி முழுக்க வரி கட்டிவிட்டது. மறுநாள் நாடே கட்டிவிட்டது. வசூல் அதிகாரிகள் காலிப் பையோடு திரும்பினார்கள். மகாமந்திரி பல்லக்கில் ஏறிக் காத்தாயியின் கடைக்கே வந்துவிட்டார். தெருவே கூடி நின்றது.

"இந்த மைனா..." என்று தொடங்கியவர், கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"மைனா பொய் சொல்லுதுங்களா?" என்று கேட்டாள் காத்தாயி. "நீங்க சொன்னா சரிதாங்க. அப்ப இந்தப் பதினாலு பேரோட மூணு வாரக் கூலியை..."

"மைனா பொய் சொல்லாது!" என்று அலறினார் மகாமந்திரி. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வரி சேர்ந்தது. ஆனால் போதவில்லை. இன்று முதல் வரி இரட்டிப்பு."

"அரண்மனைக்கு அறுநூறு" என்றாள் காத்தாயி.

"சேர்ந்தாயிற்று!"

"பத்து மடங்கு!"

"சேர்ந்தாயிற்று!"

அந்த வருடம் ஒப்பிலாபுரியில் வசூலான வரி, உலகத்தில் மொத்தம் இருந்த காசைவிடப் பதினேழு மடங்கு அதிகம். உலகத்திலேயே பணக்கார நாடு என்று கல்வெட்டு வைத்தார்கள். கல்தச்சனுக்கான கூலியை மைனாவிடம் சொல்லிவிட்டார்கள். ஆகவே கல்வெட்டில் 'உலகத்திலேயே' என்பது வரைக்கும்தான் இருக்கிறது.

கீழவீதியில் காத்தாயி அப்பளத்தையே கூலியாக எண்ணிக் கொடுத்தாள். உளுந்து மண்டிக்காரர் அப்பளத்தை வாங்கிக்கொண்டு உளுந்து கொடுத்தார். அரிசிக்காரர், எண்ணெய்க்காரர், வண்ணார், வைத்தியர், எல்லாரும் வாங்கினார்கள். நாளாக நாளாக நமத்துப் போகிற பணம். பதுக்கி வைக்க முடியாது. பவுனு வீட்டில் உலை கொதித்தது.

அரண்மனையில் கொதிக்கவில்லை. மளிகைக்காரர்கள் சாமான் அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். ராஜபோஜன வேளையில், சாப்பாடு சேர்ந்ததா என்று மகாமந்திரி மைனாவைக் கேட்பார். "சேர்ந்தாயிற்று!" என்றதும் சபை முழுக்க எழுந்து நின்று மரியாதையாக ஏப்பம் விடும். ஒன்பது நாள் மகாராஜாவும் ஏப்பம் விட்டார். பத்தாம் நாள், கிரீடத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே வந்து அப்பள வாசனை வந்த திசையில் நடந்தார்.

காத்தாயி கடை வாசலில் வந்து நின்றவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கக்கத்திலிருந்து கிரீடம் நழுவி விழுந்து உருண்டபோதுதான் தெரிந்தது.

"ஒரே ஒரு அப்பளம்" என்றார் மகாராஜா. "காசை மைனாவிடம் சொல்லியாயிற்று. சேர்ந்திருக்குமே?"

காத்தாயி ஒரு மணையை நகர்த்திப் போட்டாள்.

"மாவு தேய்க்கத் தெரியுமாங்க? வேலை செஞ்சா அப்பளம் உண்டு. அதுக்கு முந்தி, நடந்தா வந்தீங்க? மைனாவை அவமதிச்சதாச் சொல்லிருவாங்க. உள்ள வந்துருங்க, ஒரு வருஷம் சிறை."

அரண்மனையில் அன்று காலை சபை கூடியபோது அரியணை காலியாக இருந்தது. மகாமந்திரி அரியணையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு மைனாவின் பக்கம் திரும்பி, "அரசர் சபைக்கு வந்து சேர்ந்தாரா?" என்று கேட்டார். மைனா வழக்கமான பதிலைச் சொன்னது. சபை விழுந்து வணங்கியது. அன்று முதல் ஒப்பிலாபுரியில் அரசாட்சி ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்துவருகிறது என்று உடையப்பன் வந்து சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. காத்தாயி அப்பளக் கட்டுகளை எண்ணி ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். பதினான்கு பேர் முடிந்து, பதினைந்தாவது ஆள் உள்ளங்கையில் மாவு காய்ந்திருக்கக் கையை நீட்டினார்.

அவள் கட்டை எடுப்பதற்குள் கூண்டுக்குள்ளிருந்து, "சேர்ந்தாயிற்று!" என்று மைனா முந்திக்கொண்டது.

மகாராஜா நீட்டிய கையைப் பார்த்தார். மடியைத் தடவினார். துண்டை அவிழ்த்து உதறினார்.

"ஏதாச்சும் புகார்னா மைனாகிட்டயே சொல்லலாம்ண்ணே" என்றாள் பவுனு.