பனியன் பிரதர் செய்த ஜெபம்

கோயமுத்தூரில் கர்த்தருக்கு அடுத்தபடியாகக் காட்டன் துணியை நம்பிய ஒரே மனிதர் எங்கள் பனியன் பிரதர்தான். அவருடைய நிஜப் பெயர் ஞானஸ்நானம் கொடுத்த ஆயருக்கே மறந்திருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் சர்ச்சில் ஆஜர். எதிரில் வருகிறவருக்கு வாய் "ஸ்தோத்திரமுங்க" சொல்லும்போதே, கண் தோளை அளந்து முடித்திருக்கும்.

சர்ச்சில் எது நடந்தாலும் அதற்கொரு டி-ஷர்ட் உண்டு. பிள்ளைகளின் கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஒன்று, கிறிஸ்துமஸ் பாட்டுக்குழுவுக்கு ஒன்று, அறுப்பின் பண்டிகையில் பந்தி பரிமாறுகிறவர்களுக்கு ஒன்று. ஜெனரேட்டர் வாங்கிய வருஷம் அதற்குக்கூட ஒன்று அடித்தார். துணி கம்பெனியில் மிஞ்சியது, உழைப்பு அவருடையது. ஆனால் வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். முந்தின ஆயர் ஆசைப்பட்டுக் கேட்டபோது, "ஐயா எந்தக் கமிட்டியில வேலை செஞ்சீங்க?" என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் பெட்டியை மூடிவிட்டார்.

இதனால் எங்களுக்குள் ஒரு தனி சாதிப் பெருமையே வளர்ந்துவிட்டது. புது டி-ஷர்ட் போட்டவன் புதுசு. வெளுத்து, காலர் நைந்து, எழுத்து உதிர்ந்த டி-ஷர்ட் போட்டவன்தான் பழம்பெரும் ஊழியன். பாட்டுக்குழுவில் டெனர் குரலில் பாடும் ஒருவர் சீக்கிரமாகப் பெரிய மனுஷனாகிவிடலாம் என்று தன்னுடையதை பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டார். பிரதர் காலரைத் தொட்டுப் பார்த்தார். "வெயில்ல வெளுத்திருந்தா தையல் சேந்து வெளுக்குமுங்க. இது வாளியில வெளுத்தது" என்றார். அந்த டெனர் ஒரு மாதம் பக்கவாட்டு வாசல் வழியாகத்தான் வந்து போனார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வந்தது பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் மரித்த துக்க நாள். நாங்கள் பாடகர் குழு. அந்த வருஷம் யாரோ தானமாகத் தந்த புது வெள்ளை அங்கிகள். பாலியஸ்டர். போட்டால் உடம்பெல்லாம் அரிப்பு. ஆபத்பாந்தவனாக பிரதர் ஒரு மூட்டையோடு வந்தார். உள்ளே, போன வருஷம் பிள்ளைகள் வேதாகமப் பள்ளி ஆசிரியர்களுக்கு அடித்து மிஞ்சிய டி-ஷர்ட்டுகள்.

"உள்ளுக்குள்ள இதைப் போட்டுக்கங்க. வேர்வையெல்லாம் இளுத்துக்கும்."

"சேலைக்கு மேல டி-ஷர்ட்டா பிரதர்?" என்றேன் நான்.

"அங்கிக்குள்ளதானுங்களே அம்மணி, யாரு பாக்கப் போறாங்க?"

மூன்று மணி நேர ஆராதனை. வெயில் மண்டையைப் பிளந்தது. நடுவில் கரண்ட் வேறு போனது. புகழ்பெற்ற ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. சபைக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பார்த்தபடி நாங்கள் உருகிக்கொண்டிருந்தோம். நனைந்த அங்கி டி-ஷர்ட்டோடு ஒட்டிப்போனது எங்களுக்குத் தெரியாது. சபைக்குத் தெரிந்தது. ஊரே கண்ணீரோடு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், எங்கள் முதுகுகளில் வரிசையாக, கொட்டை எழுத்தில்: "குதிப்போம்! குதிப்போம்! குதூகலிப்போம்!"

பின்னால் ஒரு குழந்தை அதைச் சத்தமாக வாசித்தது. பிரசங்க மேடையில் நின்ற புது ஆயருக்கோ முன்பக்கம் தெரிந்தது. எங்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு கங்காரு சிரித்துக்கொண்டிருந்தது. பாவம், மனிதர் தன் பிரசங்கத்தை எங்கே விட்டார் என்பதையே மறந்துவிட்டார்.

அடுத்த வாரமே அறிவிப்பு வந்தது. இனி சர்ச் நிகழ்ச்சி எதற்கும் டி-ஷர்ட் கிடையாது.

பிரதர் சண்டை போடவில்லை. முழுக்கைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கடைசி பெஞ்சில், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்தவர் மாதிரி உட்கார ஆரம்பித்தார். பார்க்கச் சகிக்கவில்லை. ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"விடுங்க பிரதர், துணிதானே" என்றேன்.

"எனக்குப் பாட வராதுங்க அம்மணி. ஜெபம் பண்ணச் சொன்னா நாக்கு ஒட்டிக்கும். அந்தப் பயத்துலயே ஊட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போறதில்லீங்க. ஆண்டவருக்குன்னு எனக்குச் செய்யத் தெரிஞ்சது இது ஒண்ணுதானுங்க. அதுவும் இல்லீன்னா, நான் இங்க எதுக்குங்க?"

 

அறுப்பின் பண்டிகை வந்தது. டி-ஷர்ட் இல்லாததால் பரிமாறுகிறவர் யார், சாப்பிட வந்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் பேச ஈரோட்டிலிருந்து ஒரு பெரியவரை அழைத்திருந்தார்கள். ஆயர் அவரோடு போனில் மட்டுமே பேசியிருந்தார். பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கி, நேராகச் சமையல் பக்கம் நுழைந்துவிட்டார். அங்கே ஆட்சி செய்யும் ரோஸ்லின் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, வேடிக்கை பாத்துட்டு நிக்கறீங்க? பந்தி காத்துக் கெடக்குது. இந்தாங்க!" சாம்பார் வாளி கை மாறியது.

நல்ல மனிதர், மறுபேச்சில்லாமல் ஊற்றிக்கொண்டே போனார். வாசலில் சால்வையோடு காத்திருந்து களைத்துப்போன ஆயர், பந்தியில் உட்கார்ந்து, "அண்ணா, அடியில கலக்கிக் காயாப் போடுங்க" என்றார். போட்டுவிட்டுப் பெரியவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். ஆயருக்கு முருங்கைக்காய் தொண்டையில் நின்றது.

"அதனால என்னங்க! ஆனா உங்க சபையில வேலைக்காரர் யாரு, விருந்தாளி யாருன்னு ஒரு அடையாளம் வெச்சா நல்லா இருக்குமுங்க" என்று சிரித்தார் பெரியவர். பந்தி மொத்தமும் கடைசி இலையில் குனிந்திருந்த பனியன் பிரதரைத் திரும்பிப் பார்த்தது.

தடை அன்றைக்கே காலி. டிசம்பரில் பாட்டுக்குழுவின் புது டி-ஷர்ட் பெட்டிகள் பீடத்துக்கு முன்னால் வந்திறங்கின. ஆயர் நல்ல எண்ணத்தில்தான், "பிரதர், நீங்களே ஒரு ஜெபம் பண்ணி ஆரம்பிச்சு வெச்சிருங்க" என்று மைக்கை நீட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது.

பிரதர் மைக்கைப் பிடித்தபடி நின்றார்.   பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஆண்டவரே... ரோஸ்லின் அக்கா, எக்ஸெல்லுங்க. டேவிட்டு, லார்ஜுங்க. கனடாவுக்குப் போன டேனி தம்பி, ஸ்மாலுங்க, குளிருல கெடக்கறான். பேஸ் பாடற தங்கராசு அண்ணன், டபுள் எக்ஸெல், இப்ப ஆஸ்பத்திரியில இளைச்சுப்போயிட்டாருங்க, பழைய சைஸுக்கே கொண்டாந்துருங்க சாமி. ஆயர் ஐயாவோட அளவு எனக்குத் தெரியாதுங்க, இனிமேத்தான் எடுக்கோணும்..."

யாரும் சிரிக்கவில்லை. ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஜெயா அம்மணி, மீடியமுங்க" என்று என் பெயரும் வந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே இருமினார். நான் மீடியமாக இருந்தது என் கல்யாணத்துக்கு முன்பு; பிரதரின் கணக்கில் இன்னும் அதேதான்.

பெட்டியிலிருந்து எனக்குக் கொடுத்ததும் மீடியம்தான். மாற்றிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அன்று இரவு வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போனபோது, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதைத்தான் போட்டுக்கொண்டேன்.