பஸ் செலவு விசாரித்த கதை

வாயை மூடிக்கொண்டு இருப்பதற்காகவே சம்பளம் கொடுத்த ஒரு வேலையை, வாயைத் திறந்து தொலைத்தவன் நான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். பஸ், ரயில், ஆட்டோவுக்கு ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு செலவழிக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத, ஓர் அரசாங்கக் கணக்கெடுப்புக்கு ஆள் எடுத்தார்கள்; நானும் சேர்ந்தேன். சாலை பஜார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் என் பங்குக்கு வந்தன. கழுத்தில் தொங்க ஓர் அடையாள அட்டை வேறு. (அதைப் போட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.) பயிற்சியில் ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னார்கள்: சொல்வதை எழுது, குறுக்குக் கேள்வி கேட்காதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் முருகன் அண்ணன், நகரத்துக்கு வெளியே கழக்கூட்டம் என்ற ஊரில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர்.

"அவிய தினம் கழக்கூட்டத்துக்குப் போறாவ தம்பி. பஸ்ஸுக்குன்னு காலையில நூறு ரூவா குடுத்து விடுதேன்" என்றார் அக்கா.

எழுதிவிட்டு எழுந்திருக்கலாம். நான் அண்ணன் பக்கம் திரும்பி, "கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுல ஏறினா டிக்கெட் எவ்வளவுண்ணே?" என்றேன்.

அவர் ஒரு தொகை சொன்னார்.

"அது பழைய டிக்கெட். ஏத்தி ரெண்டு மாசம் ஆச்சே."

"சில கண்டக்டர் பழைய காசுதான் வாங்குவாவ."

"அப்படி வாங்க மாட்டாங்களே. எத்தனை மணி பஸ்?"

அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பெரிய துப்பறிவாளன் ஆகிவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தையல் மெஷின் நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"ஏங்க, தம்பி கேக்குதுல்லா, சொல்லுங்க" என்றார் அக்கா.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஓட்டலை மூடி மூணு மாசம் ஆச்சு செல்வி."

"அப்ப தினம் எங்க போறிய?"

"இங்கதான். சாலை பஜார்ல, அரிசிக் கடையில மூட்டை தூக்குதேன். நீ நூல் வாங்க வந்தா மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடுவேன்."

"சம்பளம் கொறையாம குடுத்தியளே?"

"மூட்டைக் கூலியோட நீ குடுக்கிற பஸ் காசையும் சேத்து வச்சுத்தான்."

மூன்று மாதமாக அக்காவின் நூறு ரூபாயும் சம்பளத்தோடு சேர்ந்து அக்காவிடமே திரும்பி வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து நான் கேட்டேன்: "அப்ப பஸ் செலவுன்னு என்ன எழுதட்டும்?"

(இப்போது நினைத்தாலும் அந்த மெஷினிலேயே என் வாயைத் தைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.)

"ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு எந்திரிச்சுப் போ" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். மறுநாள் காலை என் மலையாளி சூப்பர்வைசர், தினம் நூறு ரூபாய், பஸ் செலவு இல்லை என்று நான் இரண்டையும் எழுதியிருந்த படிவத்தைப் பிடித்துக்கொண்டார். "எந்தா இது? தினம் பஸ்ஸுக்குக் காசு கொடுக்குது, பஸ் செலவு இல்லா? அந்தக் காசு எந்தக் கோளத்தில வரும்? போய் சோதிச்சிட்டு வா." கோளம் என்றால் கட்டம். அண்ணனின் மூன்று மாதத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மதியம் மறுபடி அதே கதவைத் தட்டினேன். அக்கா பாதி திறந்தார். உள்ளே அண்ணன், தோளெல்லாம் அரிசித் தவிடுடன், சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலை மூன்று தெரு தள்ளித்தானே, இனி ஒளிய வேண்டாமே, சாப்பிட வந்திருக்கிறார்.

"இன்னும் என்ன கேக்கணும்?" என்றார் அக்கா. கண் வீங்கியிருந்தது.

நான் படிவத்தைப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து அண்ணன் சொன்னார்: "கேக்கட்டும் செல்வி. அந்தத் தம்பிக்கும் வேலை போயிரப்பிடாதுல்லா."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நேராக ஆபீசுக்குப் போய் அட்டையையும் படிவங்களையும் மேஜையில் வைத்தேன். சூப்பர்வைசர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. மூன்று தடவை சொன்ன அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் அவர்.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொன்னது என் அடுத்த முட்டாள்தனம். அவள் பிறந்த வீடு முழுக்கப் பரப்பிவிட்டாள். இன்றும் என் மாமியார் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்தால், ஸ்டேஷன் வாசலிலேயே டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். "மருமவன் கேக்க ஆரம்பிச்சா, குடும்பம் தாங்காது" என்கிறார்.